எல்லாம் ரெடி அண்ணன்

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் உட்கார்ந்து, வலது காதில் ஒரு போன், இடது காதில் ஒரு போன் வைத்துக்கொண்டு, இரண்டு பேரிடமும் அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நீ வந்தா போதும். எல்லாம் ரெடி." வலது காதில் இருப்பவர் தச்சர்; கதவு மாட்ட வரச் சொல்கிறார். இடது காதில் இருப்பவர் கொத்தனார். அந்தக் கதவு மாட்டவேண்டிய சுவரைக் கட்ட வரச் சொல்கிறார்.

வீடு கட்டிக் கொடுப்பது அவர் தொழில். வயது ஐம்பத்து நாலு. நாற்பத்தொரு வீடு கட்டியாயிற்று, ஒன்றும் விழவில்லை. சட்டைப் பையில் கிடக்கும் அளவு நாடாவின் கனத்தில் சட்டையே ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். காதில் ஒரு பென்சில். எழுதுவதற்கு இல்லை, முதுகு சொறிய. எழுதுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பதெல்லாம் தலைக்குள்தான். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தே உள்ளே பூச்சு பிடித்திருக்கிறதா, பொக்கையா என்று சொல்லிவிடுவார். வேலையில் கெட்டிக்காரர். நேர்மையில் குறை சொல்ல முடியாது. வேலை முடியவேண்டிய நாளும் முடிந்த நாளும் அவருக்கு ஒன்றே, அவ்வளவுதான். முடியவேண்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அது முடிந்ததாகவே அவர் கண்ணுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது கூட அந்த முகத்தில் ஒரு கள்ளம் இருக்காது.

வேலைக்காரர்கள் அவரை 'ரெடி அண்ணன்' என்பார்கள். அவர் முதுகைக் காட்டியதும் அண்ணன் போய்விடும், ரெடி மட்டும் நிற்கும்.

எல்லோரையும் ஒரே நாளில் ஏன் வரச் சொல்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு சித்தாந்தம் வைத்திருக்கிறார். "நாலு பேர் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நின்னா, ஒருத்தனுக்காச்சும் வெக்கம் வந்து வேலையில இறங்குவான்." அப்படி நாலு பேரை வரவழைத்த ஒரு நாளில் பெயின்டர் மாடிப்படிக் கம்பிக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். எலக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினார். தச்சர் கதவோடு இறங்கினார். வழி விடுகிறேன் என்று பெயின்டர் கதவைப் பிடித்து நகர்த்தினார். அந்த வீட்டின் படுக்கையறைக் கதவில், அலமாரி மறைக்கும் பக்கத்தில், ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும்படி ஒரு பச்சைக் கை இன்றைக்கும் இருக்கிறது. நாலு பேரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வெட்கம் யாருக்கும் வந்ததாகத் தகவல் இல்லை.

இந்தப் பழக்கம் இவ்வளவு ஊறிப் போனதற்கு ஒரு கல்யாணம் காரணம். அதைச் சொன்னால்தான் இந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது விளங்கும்.

அண்ணன் மனைவிக்கு ஒரு தம்பி, பிளம்பர். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சமையலறையில் புதிதாக வந்த டைல்ஸ்காரர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடுக்குகளைப் பார்த்தார். நூல் பிடித்தது போல் இருந்தன. உடனே அவரிடம், உனக்குத் தங்கச்சி யாராவது இருக்கா என்று கேட்டார். இருந்தாள். "இவ்வளவு நேரா ஒட்டறவன் வீட்டுப் பொண்ணு கோணலாவா இருக்கப்போகுது" என்று அன்று சாயங்காலமே மைத்துனனிடம் போய்ப் பெண் சம்மதித்துவிட்டாள் என்றார். மறுநாள் பெண் வீட்டில் போய் மாப்பிள்ளை சம்மதித்துவிட்டான் என்றார். இரண்டு பேரையும் அதுவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. எல்லாம் ரெடி என்று சொன்ன பிறகு இல்லை என்பது மரியாதையாகாது என்று இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். கல்யாணம் நடந்தது. மூன்று பிள்ளைகள். அதிலிருந்து அண்ணனுக்குத் தன் வாய்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை.

ஆக, மைத்துனனுக்கு மனைவியின் அண்ணன் டைல்ஸ்காரர். மைத்துனன் மனைவி தங்கை முறை என்றால் அவள் அண்ணன் நமக்குத் தம்பி முறை. டைல்ஸ்காரரும் அப்படித்தான், இவரை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வாய் நிறைய என்றாலும் நாளுக்கு நாலு வார்த்தை. அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு டைலையும் ஒட்டுவதற்கு முன் விரல் நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். அது என்ன சொல்கிறது என்று அவருக்கும் டைலுக்கும்தான் தெரியும்.

விஷயம் வெடித்தது நர்ஸம்மா வீட்டில். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள், கூடவே சக்கர நாற்காலியில் இருக்கும் தாயார். இருந்த வாடகை வீடு கைமாறிவிட்டது. இன்ன தேதிக்குள் காலி செய்யவேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். புது வீட்டில் ஹால் முடியாவிட்டாலும் பரவாயில்லை, மாடி முடியாவிட்டாலும் பரவாயில்லை, கீழே தாயாருக்கான குளியலறை முடிந்தால் குடிவந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். தினமும் சாயங்காலம் குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். தம்பி, என் தேதி என்னாச்சு என்பார். அண்ணன் என்ன சொன்னார் என்பதைத் தனியாக எழுதவேண்டியதில்லை.

குழாய்களைச் சுவரை வெட்டிப் பதித்த பிறகு, டைல் ஒட்டுவதற்கு முன்னால், உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றி மீட்டரைப் பொருத்தி ஒரு நாள் முழுக்க விட்டு வைக்கவேண்டும். முள் இறங்காமல் நின்றால் குழாயில் ஒழுக்கு இல்லை. இது பிளம்பர் வேலை. அண்ணன் பிளம்பரிடம், டைல்ஸ்காரன் வெள்ளிக்கிழமைதான் வரான் மாப்ள, நீ மெதுவா பாரு என்றார். டைல்ஸ்காரரிடம், மாப்ள டெஸ்ட்டெல்லாம் முடிச்சுட்டான், நீ செவ்வாய்க்கிழமை வந்துடு என்றார். பிளம்பர் எப்படியும் திங்கட்கிழமையே முடித்துவிடுவான் என்பது அவர் கணக்கு. பிளம்பரோ, மாமா மெதுவாகப் பார்க்கச் சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை என்ற சந்தோஷத்தில் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

டைல்ஸ்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார். புதன் சாயங்காலத்துக்குள் மூன்று சுவர் முடிந்தது. வியாழக்கிழமை பிளம்பர் பம்பும் மீட்டருமாக வந்து பார்த்தால், டெஸ்ட் செய்யவேண்டிய சுவரில் தன் முகம் தெரிகிறது. ஏற்றிப் பார்த்தார். முள் இறங்கியது. வேறு வழி இல்லை, உளியை எடுத்தார். உடைத்த முதல் இடத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. மூன்றாவது இடத்தில், குழாய் மூலையில் திரும்பும் எல்போவில், பசை போடாமல் சொருகியிருந்தது தெரிந்தது. சொருகியவர் அவரேதான். அதற்குள் பதினோரு டைல் தரையில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை காலை, இடுக்குப் பூச வந்த டைல்ஸ்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுண்டினார். யாரைக் கேட்டு உடைத்தாய் என்றார். யாரைக் கேட்டு ஒட்டினாய் என்றார் பிளம்பர். இரண்டு பேரும் சேர்ந்து அண்ணன் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் வாயைத் திறந்தார்.

"சரி விடுங்கப்பா. பதினோரு டைல்தானே."

டைல்ஸ்காரர் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார். "டைலை எண்ணத் தெரியுது. நாளை மட்டும் எண்ணத் தெரியல" என்றார். அன்றைக்கு அவருடைய நாலு வார்த்தைக்கு மேலேயே ஆகிவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நர்ஸம்மா தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

குளியலறைச் சண்டை குளியலறையோடு நிற்குமா? பிளம்பர் வீட்டில் மனைவி பேச்சை நிறுத்தினாள். தட்டைப் புருஷன் முன்னால் நகர்த்துவதோடு சரி. போனில் அண்ணியைக் கூப்பிட்டு, எங்கண்ணன் ஒட்டுனத உடைச்ச கைக்கு நான் பரிமாறணுமா அண்ணி என்று கேட்டாள். அந்த அண்ணி, அதாவது ரெடி அண்ணன் மனைவி, யார் பக்கம் பேசுவாள்? உடைத்தவன் கூடப்பிறந்தவன். உடைக்க வைத்தவர் கட்டிக்கொண்டவர். ஒட்டியவன் பாவம், அவனுக்குத்தான் யாருமில்லை.

அண்ணன் ஊரில் ஆளா இல்லை என்று கிளம்பினார். ஒரு டைல்ஸ்காரர் வந்து நாலு டைல் ஒட்டினார். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, அந்த ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் நாலையும் தன் கையாலேயே பெயர்த்து எடுத்தார். இன்னொருவர் வந்தார், அளந்தார், நாளை வருகிறேன் என்றார். வரவில்லை. அண்ணன் போன் போட்டால், வந்துகிட்டே இருக்கேண்ணே என்றார். அந்த வாக்கியத்தைக் காதால் கேட்பது எப்படி இருக்கும் என்று அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சம் பன்னிரண்டு நாள்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், எலக்ட்ரீஷியன் கோபித்துக்கொள்வதில்லை, தச்சன் கோபித்துக்கொள்வதில்லை, இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்று புலம்பினார். மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க திங்கள்னா எலக்ட்ரீஷியன் வியாழன்னு வச்சுக்குவாரு. தச்சர் ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்குவாரு. பத்து நிமிஷத்துல வரேன்னு நீங்க போன் பண்ணா, நான் ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் அடுப்பையே பத்த வைக்கறேன். இருபத்தாறு வருஷமா அப்படித்தான். நீங்க சொன்னத அப்படியே நம்பி வந்த ஒரே ஆளு அவருதான்."

அண்ணன் தட்டைப் பார்த்தார். சோறு சுடச்சுட இருந்தது. இத்தனை வருஷமும் எப்படிச் சுடச்சுட இருந்தது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அன்று இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போனார். மரியாதையில் குறையில்லை, நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தப்பு என்னுதுதான்பா, மன்னிச்சுக்க என்று ஆரம்பித்தார். டைல்ஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்ணே. அதுவும் அதே வாயிலேருந்துதானே வருது."

பிறகு சொன்னார். வேலை செய்கிற எல்லோரும் ஒரு நாள் காலை அந்தக் குளியலறைக்குள் ஒன்றாக நிற்கவேண்டும், யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். வாசல் பக்கத்துப் பூச்சுச் சுவரில் ஆளுக்கு ஒரு கோடு. வேலை முடித்தவன் தன் கோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். அதற்குப் பக்கத்தில் அண்ணன் பார்த்துவிட்டுப் போடவேண்டும். இரண்டு கையெழுத்தும் விழாமல் அடுத்தவனைக் கூப்பிடக் கூடாது. "போனைப் போட்டு ரெடின்னு மட்டும் சொல்லாதீங்க. சுவத்தைப் பாத்து என்ன இருக்கோ அதைப் படிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டுக்கு ஆறு குளியலறைக்குள் ஆறு ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் பத்து நிமிஷம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு தச்சர்தான், தரை எவ்வளவு உயரம் ஏறும் என்று டைல்ஸ்காரரைக் கேட்டார். ஒன்றரை அங்குலம் என்றார் டைல்ஸ்காரர். தச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒம்பது வருஷமா ரெடி அண்ணன் வீட்டுக் கதவையெல்லாம் மாட்டிக் கழட்டி அடியை இழைச்சு மறுபடி மாட்டிக்கிட்டிருக்கேன். இந்த ஒன்றரை அங்குலத்த எவனும் எங்கிட்ட சொல்லல."

நீயும் கேக்கலையே என்றார் டைல்ஸ்காரர். யாரைக் கேட்பது, உன்னைப் பார்த்தால்தானே என்றார் தச்சர். அதோடு வாய்கள் திறந்துகொண்டன. உள்பக்கம் திறக்கிற கதவு வைத்தால் சக்கர நாற்காலி திரும்பாது, வெளிப்பக்கம் திறக்கட்டும் என்றார் தச்சர். அப்படியானால் சுவிட்சை அந்தப் பக்கம் மாற்றவேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். பிடித்துக்கொள்ளும் கம்பிக்குச் சுவரில் கட்டை வைத்துப் பூசித் தருகிறேன் என்றார் கொத்தனார். அரை மணி நேரத்தில், ஆறு மாசத்துச் சண்டைக்கு வேண்டிய சரக்கெல்லாம் தீர்ந்துபோனது. கடைசியில் பிளம்பர் உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த எல்போவுல பசை போட மறந்தது நான்தான் மச்சான் என்றார். தெரியும் மாப்ள, அன்னைக்கே பாத்தேன் என்றார் டைல்ஸ்காரர். ஒட்டாமல் விட்டது அவ்வளவும் அந்த ஒரு பேச்சில் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் பார்த்த அண்ணனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், தன்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்காமல் ஒரு வேலை இப்படி நகர்கிறதே என்று உள்ளூர ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. காதிலிருந்த பென்சிலை டைல்ஸ்காரர் பிளேடால் சீவிக் கொடுத்தார். அண்ணன் சுவரில் ஐந்து கோடு போட்டார். எல்லோரும் போன பிறகும் அங்கேயே நின்றார். நாற்பத்தொரு வீட்டில் இப்படி ஒரு அழகைப் பார்த்ததில்லை. அந்தப் பூரிப்பில், எப்படியும் முடியத்தானே போகிறது என்று, ஐந்து கோட்டிலும் தன் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை பிளம்பர் எல்போவை மாற்றினார். பசை போட்டார். தண்ணீரை ஏற்றி, முள் நின்ற இடத்தில் மீட்டர் கண்ணாடிமேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டுப் போனார். மறுநாள் காலை பத்து மணிக்கு டைல்ஸ்காரர் போன் செய்வதாகப் பேச்சு. அஞ்சு நாள் வேலை என்று சொல்லியிருந்தார். கையில் எட்டு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அண்ணன் வந்து மீட்டரைப் பார்த்தார். முள் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதிகம் இல்லை, ஒரு மயிரிழை. விரலால் கண்ணாடியைத் தட்டினார். அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போது கோடும் முள்ளும் ஒன்றாகத்தான் தெரிந்தன. காலைக் குளிருக்கு முள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், நூற்றுக்குத் தொண்ணூறு அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அனுபவம் சொல்லியது. எழுந்து சுவரைப் பார்த்தார். பிளம்பர் கையெழுத்து, பக்கத்தில் அவருடைய கையெழுத்து. இரண்டும் இருக்கின்றன. படித்துக் காட்டினால் அது பொய்கூட இல்லை.

போன் அடித்தது. வழக்கமாக முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுகிறவர். மூன்றாவது மணி அடித்தது. வாசலில் நர்ஸம்மா குடையோடு வந்து நின்றார், அன்றைக்கு என்னவோ காலையிலேயே வந்துவிட்டார். ஐந்தாவது மணியில் எடுத்தார். வாய் தானாக 'எல்லாம்' வரைக்கும் போய்விட்டது. அங்கே நின்றது. மறுமுனையில் டைல்ஸ்காரர் காத்திருந்தார்.

"இன்னும் இல்லப்பா. முள்ளு கொஞ்சம் இறங்கியிருக்கு. நாளைக்கு வராத, நான் பாத்துட்டுச் சொல்றேன்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு, சரிண்ணே என்று வந்தது.

மத்தியானம் பிளம்பர் வந்து பார்த்ததில் குழாயில் குறை ஒன்றுமில்லை. மீட்டரைப் பொருத்திய இடத்தில்தான் ஒரு மரை இறுகாமல் இருந்தது. இறுக்கினார். மறுபடி ஏற்றினார். அண்ணன் புதன்கிழமை காலை கிளம்பும்போது எத்தனை மணிக்கு வருவேன் என்று மனைவியிடம் சொல்லவில்லை. வந்து பார்த்தார். முள் கோட்டின் மேல் கிழித்தாற்போல் நின்றது. மதியம் வரை வாளியின் மேல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் டைல்ஸ்காரருக்குப் போன் போட்டார். ஆறு நாள் மிச்சம்.

டைல்ஸ்காரர் பையைத் தோளிலிருந்து இறக்காமலே சுவரைப் பார்த்தார். பிளம்பர் கோட்டில் பிளம்பர் கையெழுத்து இருந்தது. அதற்குப் பக்கத்திலும், கீழே உள்ள நாலு கோட்டிலும், எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்த ஐந்து கருப்புக் கறை. பென்சில் எழுத்து சிமென்ட் பூச்சில் அவ்வளவு லேசில் போகாது. திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வலது கைக் கட்டைவிரலை மற்ற நாலு விரலுக்குள் மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டைல்ஸ்காரர், அண்ணன் காதிலிருந்த பென்சிலை உருவி, அவரிடமே நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டார். முதல் கறைக்குப் பக்கத்தில் பென்சில் முனையை வைத்தார். வைத்தவர், எடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முள்ளை இன்னொரு தடவை பார்க்க மீட்டர் முன்னால் போய்க் குனிந்தார்.